33 வயதில் முதல் ஐரோப்பிய பட்டம், 39-ல் ஒலிம்பிக் தங்கம்: கராத்தேயில் 'வயசாயிடுச்சு' என்பதைப் பொய்யாக்கிய சாண்ட்ரா சான்செஸ் யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் லீவு நாள் காலையில் ஒரு சுற்று வந்தால், மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ வெள்ளை டிரஸ்ஸில் கராத்தே பழகும் சிறுமிகளைப் பார்க்கலாம். பிளஸ் டூ வந்ததும் பலருக்கு அந்த டிரஸ் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் காலேஜ், கம்பெனி வேலை, ஷிப்ட், கல்யாணப் பேச்சு. "இனிமே என்ன கராத்தே, வயசாயிடுச்சு" என்று 22 வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே வயசு ஆகிவிடுகிறதா? கராத்தேயின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஸ்பெயின் வீராங்கனை சாண்ட்ரா சான்செஸின் கதை வேறு மாதிரி இருக்கிறது.

யார் இந்த சாண்ட்ரா?

1981 செப்டம்பர் 16-ல், ஸ்பெயினின் தலவேரா நகரில் பிறந்தவர். அண்ணன் கராத்தே கிளாஸ் போவதைப் பார்த்து, 4 வயதில் தானும் போனார். வளர்ந்ததும் தலைநகர் மாட்ரிட்டில் உயர்நிலைப் பயிற்சி கிடைத்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குப் புற்றுநோய். பயிற்சியை விட்டுவிட்டு, அம்மாவைக் கவனிக்க ஊருக்குத் திரும்பினார்.

ஆனால் கராத்தேயை முழுசாக விட்டுவிடவில்லை. ஊரிலேயே பழகினார். அம்மா குணமான பிறகு சில காலம் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு ஸ்பெயின் திரும்பினார். அங்கே பயிற்சியாளர் ஹெசுஸ் டெல் மோரலிடம் சேர்ந்தார். பின்னாளில் அவரையே திருமணமும் செய்துகொண்டார்.

2015-ல் இஸ்தான்புல்லில் முதல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 33. நிறைய பேர் ஓய்வு பெறும் வயசு அது.

கட்டா, குமிதே: என்ன வித்தியாசம்?

சர்வதேச கராத்தேயில் இரண்டு பிரிவுகள் உண்டு.

குமிதே என்பது நேருக்கு நேர் சண்டை. சீனியர் பெண்களுக்கு 50, 55, 61, 68 கிலோவுக்கு உட்பட்டவை, 68 கிலோவுக்கு மேல் என 5 எடைப்பிரிவுகள். குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கு 3. எதிராளியைக் கீழே தள்ளி அடித்தாலும் 3 புள்ளி. 8 புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கட்டாவில் எதிராளியே கிடையாது. குத்து, தடுப்பு, உதை எல்லாம் ஒரே வரிசையாகக் கோக்கப்பட்ட முறையைத் தனியாகச் செய்துகாட்ட வேண்டும். எடைப்பிரிவும் இல்லை. நடுவர்கள் பார்ப்பது நிலை, வேகம், பலம், சமநிலை. வருஷக்கணக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குத்தான் இதில் பலன். சாண்ட்ராவின் பிரிவு இதுதான்.

டோக்கியோவில் என்ன நடந்தது?

2021 ஆகஸ்ட் 5, நிப்பான் புடோகான் அரங்கம். ஒலிம்பிக் வரலாற்றில் கராத்தே நடந்த முதல் நாள். இறுதிப்போட்டியில் சாண்ட்ராவுக்கு எதிரே ஜப்பானின் கியோ ஷிமிசு. இரண்டு முறை உலக சாம்பியன், சொந்த நாட்டு மேடை, வயது 27. சாண்ட்ராவுக்கு 39.

அப்போதைய விதிப்படி 7 நடுவர்கள் மார்க் போட்டார்கள். அதிகபட்ச 2, குறைந்தபட்ச 2 மார்க்குகளைக் கழித்துவிட்டு மீதி 3-ஐ மட்டும் கூட்டுவார்கள். நுட்பத்துக்கு 70 சதவீதம், உடல்திறனுக்கு 30 சதவீதம். மொத்தம் 30-க்கு சாண்ட்ரா 28.06, ஷிமிசு 27.88. வெறும் 0.18 வித்தியாசத்தில் தங்கம்.

அதோடு நின்றாரா?

இல்லை. 2018-ல் மாட்ரிட்டில் வென்ற உலக சாம்பியன் பட்டத்தை 2021 நவம்பரில் துபாயில் தக்கவைத்தார். 2022-ல் 7-வது ஐரோப்பிய பட்டம். அதே ஆண்டு அமெரிக்காவின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுகளிலும் தங்கம் வென்று, 40 வயதில் விடைபெற்றார்.

இனி ஒலிம்பிக்கில் கராத்தே உண்டா?

டோக்கியோவோடு சரி. பாரிஸ் 2024-ல் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 பட்டியலிலும் இல்லை. ஆனால் உலக சாம்பியன்ஷிப், பிரீமியர் லீக் தொடர்கள் நடக்கின்றன. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1994 ஹிரோஷிமாவில் சேர்க்கப்பட்ட கராத்தே தொடர்ந்து இடம்பெறுகிறது. இந்தியப் பெண்களுக்கு அதுதான் பெரிய மேடை.

இந்தியாவில் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரே ஊரில் நாலு கராத்தே அமைப்புகள் இருப்பது இங்கே சகஜம். எல்லோரும் மெடல் தருவார்கள், சர்டிபிகேட்டும் தருவார்கள். சில போட்டிகளின் பெயரிலேயே 'சர்வதேச' என்று இருக்கும். ஆனால் உலக கராத்தே கூட்டமைப்பு அங்கீகரித்த அமைப்பு வழியாகப் போனால்தான் இந்திய அணிக்கும் உலகத் தரவரிசைக்கும் கணக்கு.

இது பேப்பர் விஷயம் மட்டும் இல்லை. 2020 ஜூனில் இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே உலகக் கூட்டமைப்பு தற்காலிகமாக ரத்து செய்தது. நிர்வாகிகள் சண்டையில் அடிபடுவது வீராங்கனைகளின் வருஷங்கள்தான். எனவே ஃபீஸ் கட்டும் முன்பே மாஸ்டரிடம் கேளுங்கள்: "இந்தப் போட்டி எந்த அமைப்போடது? இதுல ஜெயிச்சா அடுத்து எங்க போகலாம்?"

அப்போ, 22-ல் திரும்பத் தொடங்கலாமா?

தாராளமாக. சீனியர் பிரிவே கட்டாவில் 16 வயதிலும், குமிதேயில் 18 வயதிலும்தான் தொடங்குகிறது. 22 என்பது அதன் ஆரம்பப் படிகள்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாண்ட்ரா 33 வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டு ஜெயிக்கவில்லை. வீட்டுக் கஷ்டத்தில் பெரிய மேடையை விட்டாரே தவிர, பழக்கத்தை விடவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு வீட்டில் அரை மணி நேரம் கிடைத்தால் போதும், அந்தப் பழக்கம் விட்டுப்போகாது. பீரோவில் இருக்கும் டிரஸ்ஸை வெளியே எடுக்கலாம்.