பெரியம்மையும் தட்டம்மையும்: அர்ராஸீ வகுத்த வேறுபாடு

குழந்தையின் மேனியில் காய்ச்சலோடு கொப்புளங்களோ தடிப்புகளோ தோன்றினால் அதனை 'அம்மை' என்று பொதுப்படச் சொல்வது தமிழ் வழக்கு. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என அடைமொழிகள் உண்டெனினும், யாவும் ஒரு நோயின் வகைகளே என்ற எண்ணம் அச்சொல்லில் தங்கிவிட்டது. உண்மையில் இவை வெவ்வேறு வைரஸ்களால் விளையும் தனித்தனி நோய்கள். அரபு மொழியில் பெரியம்மைக்கு 'ஜுதரீ' என்றும், தட்டம்மைக்கு 'ஹஸ்பா' என்றும் பெயர். பொடிக்கற்களைக் குறிக்கும் அரபுச் சொல்லுக்கும் 'ஹஸ்பா'வுக்கும் வேரெழுத்துகள் ஒன்றே. தட்டம்மையைத் தமிழர் 'மணல்வாரி' என்றும் அழைப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

யானை ஆண்டில்தான் இவ்விரு நோய்களும் அரபு மண்ணில் முதன்முதலாகக் காணப்பட்டன என்றொரு செய்தியை இப்னு இஸ்ஹாக் தம் ஸீராவில் பதிவு செய்துள்ளார். ஆக, பெயர்கள் பழமையானவை. ஆயினும் இரு பெயர்கள் இருப்பது வேறு. நோயுற்ற குழந்தையின் அருகில் அமர்ந்து, இது எந்நோய் என்று தெளிவது வேறு. அத்தெளிவுக்கென்றே தனி நூல் இயற்றியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (கி.பி. 865–925). இன்றைய தெஹ்ரானை அடுத்துள்ள ரய் நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றியவர். அதே ஊரின் பெயரால் அறியப்படும் தஃப்ஸீர் பேரறிஞர் ஃபக்ருத்தீன் ராஸீ இவருக்குப் பல தலைமுறை பிற்பட்டவர். இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

'கிதாபுல் ஜுதரீ வல்ஹஸ்பா' எனும் அச்சிறு நூலுக்கு முன்பும் பெரியம்மை பற்றி எழுதியோர் உண்டு. அலெக்ஸாந்திரியாவின் அஹ்ரூன் அவர்களுள் ஒருவர். அவரை அர்ராஸீயே எடுத்துக்காட்டுகிறார். அர்ராஸீயின் தனிச்சிறப்பு, குறிகளை நிறுத்துப் பார்த்ததில் உள்ளது. விடாத காய்ச்சல், மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிடல் ஆகியவற்றைப் பெரியம்மையின் முன்னறிகுறிகளாக அவர் குறிக்கிறார். முதுகுவலி பெரியம்மையில் மிகும். குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகும் என்று பிரித்துரைக்கிறார். கண்ணுக்குக் கேடு வராதிருக்கப் பன்னீர் இடுதல் முதலிய காப்பு முறைகளுக்கும் இடமளிக்கிறார். பெரியம்மையிலிருந்து பிழைத்தவர்களுள் பார்வை இழந்தோர் பலர் என்பதை எண்ணினால் இக்கவனத்தின் அருமை விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நோய்க்கிருமி, தொற்று, தடுப்பாற்றல் ஆகிய அனைத்தையும் அர்ராஸீ அன்றே கண்டுரைத்தார் என்று பெருமிதத்தால் எழுதுவோர் உளர். நூல் அவ்வாறு கூறவில்லை. புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாறு தானே பொங்கி நுரைத்து அடங்குவது போல, குழந்தையின் ஈரமிக்க இரத்தம் இளமைக்கு முதிரும்போது பொங்குவதே பெரியம்மை என்பது அவர் விளக்கம். ஆகவே பிள்ளைகளில் இதற்குத் தப்புவோர் அரிது என்றும் கருதினார். நோயின் காரணத்தை அவர் அறியவில்லை; அறியும் கருவியும் அன்றில்லை. ஆனால் காரணம் பிழைத்த இடத்திலும் கவனிப்பு பிழைக்கவில்லை. அதனாற்றான் அந்நூல் 1498இல் வெனிஸில் இலத்தீனிலும், 1766இல் இலண்டனில் அரபு மூலத்தோடும், 1848இல் ஆங்கிலத்திலும் அச்சேறியது. இல்லாத புகழை ஏற்றுவது, இருக்கும் புகழை மறைத்துவிடும்.

தப்புவோர் அரிது என்ற நிலை மாறியது வேறொரு வழியில். உஸ்மானியப் பேரரசில் பெரியம்மைக் கொப்புளத்துச் சீழைச் சிறிதளவு கீறலில் இட்டுக் குழந்தைகளைக் காக்கும் வழக்கத்தை 1717இல் கண்டெழுதிய ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டகு, மறு ஆண்டு தம் மகனுக்கும் அதனைச் செய்வித்தார். இம்முறையில் ஆபத்தும் கலந்திருந்தது. அதனினும் தீங்கு குறைந்த பசு அம்மைத் தடுப்பை எட்வர்ட் ஜென்னர் 1796இல் சோதித்தார். அத்தடுப்புப் பால் வியன்னாவிலிருந்து இஸ்தான்பூல், பக்தாத், பஸ்ரா வழியாக 1802இல் பம்பாயை அடைந்தது. அர்ராஸீ பணியாற்றிய பக்தாத், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் இந்தியக் குழந்தைகளுக்கான மருந்துக்கும் வழியாயிற்று.

கடும் வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி, 1975இல் வங்கதேசத்தின் போலா தீவில் வாழ்ந்த ரஹீமா பானு என்னும் சிறுமி. அந்நோயின் எவ்வகைக்கும் இயற்கையில் இறுதி நோயாளியானவர், 1977இல் சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின். இருவரும் பிழைத்தனர். மாலின் பிற்காலத்தில் போலியோ தடுப்புப் பணியில் ஈடுபட்டு, தடுப்பூசிக்குத் தயங்கிய பெற்றோரிடம் தம் கதையையே சான்றாகச் சொன்னார். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

அர்ராஸீ நூலின் ஒரு பாதி இவ்வாறு வரலாறாகிவிட்டது. மறுபாதி இன்னும் வரலாறாகவில்லை. தட்டம்மைக்கு 1963 முதல் தடுப்பூசி இருந்தும், 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் அந்நோயால் இறந்தனர் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 'சாதாரண மணல்வாரிதான், தானே இறங்கிவிடும்' என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்றும் கேட்கிறது. குழந்தையின் உடலில் தோன்றும் தடிப்பை உற்று நோக்கி, இன்ன நோய் என்று தெளிந்த பின்னரே பேச வேண்டும் என்பதே அர்ராஸீ விட்டுச்சென்ற பாடம். அவரை முன்னோராகக் கொண்டாடும் சமுதாயம், தப்ப முடியாதென அவர் எண்ணியதற்கு இன்று தடுப்பு இருக்கையில், அதனைத் தன் குழந்தைக்கு மறுப்பது பொருந்தாது.