இஷ் ஸ்மித்

இஷ்மாயெல் லாரி ஸ்மித் (பிறப்பு: ஜூலை 5, 1988) ஓர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். சுருக்கமாக இஷ் ஸ்மித் என்று அழைக்கப்படும் இவர், 2010 முதல் 2024 வரை என்.பி.ஏ. கூட்டமைப்பில் பந்துகையாளி பின்காவல் நிலையில் விளையாடினார். உயரம் 6 அடி (183 செ.மீ.). என்.பி.ஏ. வரலாற்றில் 13 வெவ்வேறு அணிகளுக்காக விளையாடிய முதல் வீரர் இவரே. 2023-இல் பட்டம் வென்ற டென்வர் நகெட்ஸ் அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

பல அணிகளுக்கு மாறிமாறி ஆடுபவரை அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் "ஜர்னிமேன்" என்பர். இச்சொல்லைப் பயணத்தோடு தொடர்புபடுத்துவது வழக்கம். ஆனால் இதன் வேர், ஒரு நாள் வேலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லாகும். தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், பிறரிடம் நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞரே முதலில் இப்பெயரால் அழைக்கப்பட்டார். ஸ்மித்தின் வாழ்வுக்கு இப்பழைய பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது.

இளமையும் கல்லூரியும்

ஸ்மித் வட கரொலைனா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்தார். அருகிலுள்ள கான்கார்டில் சென்ட்ரல் கபாரஸ் உயர்நிலைப் பள்ளிக்காக ஆடினார். 2006-இல் அதே மாநிலத்தில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அணியின் பயிற்றுனராக இருந்த ஸ்கிப் பிராசர், 2007 ஜூலையில் திடீரென இறந்தார். அவருக்குப்பின் டீனோ காடியோ பொறுப்பேற்றார்.

2009 ஜனவரியில் இவ்வணி நாட்டின் கல்லூரி அணிகளின் தரவரிசையில் முதலிடத்தை எட்டியது. அன்றைய அணியில் ஸ்மித்துடன் ஆடிய ஜெஃப் டீக், ஜேம்ஸ் ஜான்சன் ஆகிய இருவரும் அதே ஆண்டு என்.பி.ஏ. தேர்தலின் முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். மற்றொரு தோழரான அல்-ஃபரூக் அமீனு 2010 தேர்தலில் எட்டாவதாக எடுக்கப்பட்டார். நான்கு ஆண்டுகளையும் முழுமையாக முடித்த ஸ்மித்தோ அதே 2010 தேர்தலில் 60 இடங்களில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. இத்தனைக்கும், சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைத் தரும் "உதவி"களின் எண்ணிக்கையில் பல்கலைக்கழக வரலாற்றில் இவருக்கு முன் இருந்தவர் மக்ஸி போக்ஸ் ஒருவரே. போக்ஸ் 160 செ.மீ. உயரமே கொண்டவர், என்.பி.ஏ.வில் ஆடியவர்களிலேயே மிகக் குள்ளமானவர்.

அணிகள் மாறிய முதல் ஆண்டுகள்

தேர்ந்தெடுக்கப்படாத வீரரை எந்த அணியும் தன்னிடம் சேர்த்துக்கொள்ளலாம். ஹியூஸ்டன் ராகெட்ஸ் அவ்வாறு ஸ்மித்தைச் சேர்த்தது. 2011 பெப்ரவரியில் ஷேன் பாட்டியே மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது ஸ்மித்தும் உடன் அனுப்பப்பட்டார். மறுபக்கத்திலிருந்து வந்தவர்களுள் ஒருவர், 2009 தேர்தலில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட தான்சானிய வீரர் ஹஷீம் தபீத். செய்தித் தலைப்புகள் பாட்டியேவையும் தபீத்தையும் பற்றியே இருந்தன. பெரிய மாற்றங்களில் துணையாகச் சேர்க்கப்படும் பெயராகவே ஸ்மித் பல ஆண்டுகள் இருந்தார்.

அதன்பின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் சில ஆட்டங்களே ஆடினார். 2012-இன் தொடக்கத்தில் ஸ்டான் வான் கண்டி பயிற்றுவித்த ஆர்லான்டோ மேஜிக் அணிக்கு வந்தார். 2013 பெப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக்குடன் மில்வாக்கி பக்ஸ் அணிக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் கேரன் பட்லருக்கு மாற்றாக ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கும் அனுப்பப்பட்டார். 2013-14 பருவத்தில் சன்ஸ் 48 ஆட்டங்களில் வென்றது. ஸ்மித் 70 ஆட்டங்களில் களமிறங்கினார். அடுத்த கோடையில் அவ்வணியும் அவரை விடுவித்தது.

இங்கு விதிமுறையைச் சற்று விளக்குதல் நலம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆடும் பலருடைய ஒப்பந்தம் முழுமையாக உறுதிசெய்யப்பட்டது அன்று. பருவத்தின் நடுவில், ஜனவரியில் வரும் ஒரு நாள் வரை அணி அவரைக் குறைந்த செலவில் அனுப்பிவிடலாம். விடுவிக்கப்பட்ட வீரரை 48 மணி நேரத்துக்குள் வேறோர் அணி கோரினால், அவருடைய ஒப்பந்தம் அப்படியே அவ்வணிக்கு மாறும். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கோரினால், தோல்வி மிகுந்த அணிக்கே முன்னுரிமை. எவரும் கோரவில்லையெனில் வீரர் தானாக வேலை தேடவேண்டும். எந்த நகரில் வாழ்வது என்பதில் வீரரின் விருப்பத்துக்கு இவ்வேற்பாட்டில் இடமே இல்லை.

2014-15 பருவத்தில் இவ்விதிகள் யாவும் ஸ்மித்தின்மேல் செயற்பட்டன. மீண்டும் ஹியூஸ்டனில் தொடங்கிய அவர் டிசம்பரில் விடுவிக்கப்பட்டு ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில் சேர்ந்தார். பெப்ரவரியில் தண்டர் அவரை நியூ ஓர்லியன்ஸ் பெலிகன்ஸ் அணிக்கு மாற்றியது. பெலிகன்ஸ் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் உடனே விடுவித்தது. அப்போது பட்டியலின் அடியில் கிடந்த ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்சர்ஸ் அவரைக் கோரிப் பெற்றது. அங்கேதான் முதன்முறையாகத் தொடர்ந்து முழுநேரம் ஆடும் வாய்ப்பு கிடைத்தது.

ஃபிலடெல்ஃபியா

அன்றைய ஃபிலடெல்ஃபியா ஒரு விந்தையான அணி. பொது மேலாளர் சாம் ஹிங்கி, எதிர்காலத்தில் சிறந்த தேர்தல் இடங்களைப் பெறுவதற்காக நிகழ்காலத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ளும் கொள்கையை நடத்திவந்தார். இக்கொள்கையில் ஸ்மித் போன்ற வீரருக்கு நிலையான இடம் இல்லை. 2015 கோடையில் ஃபிலடெல்ஃபியா அவரைத் தக்கவைக்கவில்லை. வாஷிங்டன் விசர்ட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றார்; பருவம் தொடங்குமுன் அங்கும் விடுவிக்கப்பட்டார். பின்காவல் வீரர்கள் பலர் காயமுற்றிருந்த பெலிகன்ஸ் அவரை இம்முறை உண்மையாகவே ஆடவைத்தது.

இதற்கிடையில் ஃபிலடெல்ஃபியா முதல் 31 ஆட்டங்களில் 30-இல் தோற்றது. அணியில் திறமையான இளம் உயரமானவர்கள் இருந்தனர்; அவர்களிடம் பந்தை உரிய நேரத்தில் சேர்ப்பவர் இல்லை. 2015 டிசம்பர் 24 அன்று அவ்வணி இரண்டு இரண்டாம்சுற்றுத் தேர்தல் இடங்களைக் கொடுத்து ஸ்மித்தைத் திரும்பப் பெற்றது. இரண்டு நாள் கழித்து, ஃபீனிக்ஸ் அணியை 111-104 என்று வென்றது. பருவத்தின் மீதி 51 ஆட்டங்களில் 9 வெற்றிகள் கிடைத்தன. இது நல்ல கணக்கு அன்று. ஆயினும் 31 ஆட்டங்களுக்கு ஒரு வெற்றி என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. இக்காலத்தில் ஸ்மித் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.7 புள்ளிகளும் 7 உதவிகளும் பெற்றார். சில மாதங்களுக்கு முன் கட்டணமின்றி விட்டுவிட்ட ஒருவருக்கு விலை கொடுக்க நேர்ந்தது, வெற்றியை முற்றிலும் ஒத்திவைக்கும் திட்டத்தின் எல்லையைக் காட்டியது எனலாம். ஹிங்கி 2016 ஏப்ரலில் பதவி விலகினார்.

டெட்ராய்ட், வாஷிங்டன்

2016 ஜூலையில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஸ்மித்துடன் மூன்று ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஆர்லான்டோவில் அவரைப் பயிற்றுவித்த வான் கண்டியே அப்போது டெட்ராய்ட்டில் பயிற்றுனராகவும் நிர்வாகத் தலைவராகவும் இருந்தார். ஆறு ஆண்டுகள் பெட்டியைக் கட்டி அவிழ்த்த வீரர் மூன்று பருவங்கள் ஒரே நகரில் இருந்தார். முதன்மைப் பின்காவல் ரெஜி ஜாக்சன் காயமுற்ற போதெல்லாம் அவரிடத்தில் ஆடினார். முதல் பருவத்தில் 81, அடுத்ததில் 82 ஆட்டங்கள். ஒரு பருவத்தின் மொத்த ஆட்டங்களே 82 தான்.

2019-இல் வாஷிங்டன் விசர்ட்ஸ் அணியில் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்ந்தார். 2020 ஜனவரி 4 அன்று மாற்று வீரராக இறங்கி 32 புள்ளிகள் எடுத்தார். தம் வாழ்வின் மிகச் சிறந்த இந்த எண்ணிக்கையை அவர் எட்டியது, பின்னாளில் தம் பதின்மூன்றாம் அணியாக ஆன டென்வருக்கு எதிராக.

ஆட்டமுறை

ஸ்மித்தின் முதல் வலிமை விரைவு. பந்தைத் தரையில் தட்டியபடியே எதிரணியின் கூடைவரை ஓடி, பாதுகாவலர்கள் தம்மை நோக்கி இழுபட்டதும் பந்தைப் பிறருக்குத் தருவார். பந்தை இழப்பது குறைவு. முதல் ஆண்டுகளில் தொலைவிலிருந்து எறிவது அவருடைய பெருங்குறையாக இருந்தது. எதிரணியினர் அவரை எறியவிட்டு விலகி நின்றனர். மூன்று புள்ளி எறிதலே ஆட்டத்தின் மையமாகிக்கொண்டிருந்த காலத்தில் இக்குறை பெரிது. அணிகள் அவரை எளிதில் விட்டதற்கும், பின்காவல் ஒருவர் காயமுற்றதும் அழைத்ததற்கும் காரணங்களை இங்கேயே காணலாம். புதிய அணியின் ஆட்டத் திட்டங்களைச் சில நாட்களில் கற்றுக் களமிறங்குவது தனித் திறன். புள்ளிவிவரத்தில் அதற்கென ஒரு நிரல் இல்லை.

சாதனையும் பட்டமும்

2021-இல் பிறந்த நகரின் அணியான சார்லட் ஹார்னெட்ஸில் சேர்ந்தபோது அது அவருடைய பன்னிரண்டாம் அணி. சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் ஏற்கெனவே 12 அணிகளுக்கு ஆடியிருந்தனர். ஜோ ஸ்மித் 1995 தேர்தலில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2022 பெப்ரவரியில் சார்லட் இஷ் ஸ்மித்தை மறுபடி வாஷிங்டனுக்கு மாற்றியது. அதே கோடையில் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்புடன் டென்வர் அனுப்பப்பட்டார். 2022-23 பருவத்தில் அங்கே களமிறங்கியதும் சாதனை அவருக்கு மட்டும் உரியதாயிற்று. களமிறங்கிய அணிகள் மட்டுமே இக்கணக்கில் சேரும். ஆகவே 2015 பெப்ரவரியில் கைமாறியதை வைத்துப் பெலிகன்ஸ் எண்ணப்படுவதில்லை, அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆடியதாலேயே எண்ணப்படுகிறது.

டென்வர் 2023 ஜூன் 12 அன்று மயாமி ஹீட் அணியை ஐந்தாம் ஆட்டத்தில் வென்று தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தைப் பெற்றது. பிந்தைய சுற்றுகளில் ஸ்மித்துக்கு ஆடும் நேரம் மிகக் குறைவு. அப்பருவத்தின் நடுவில் டென்வரில் வந்து சேர்ந்த மற்றொரு பின்காவல், டெட்ராய்ட்டில் எவருடைய இடத்தை ஸ்மித் நிரப்பினாரோ அதே ரெஜி ஜாக்சன். இருவரும் ஒரே நாளில் பட்டம் பெற்றனர்.

2023 நவம்பரில் ஸ்மித் மீண்டும் சார்லட் அணியில் சேர்ந்து 2023-24 பருவத்தில் விளையாடினார்.