குரலும் கண்ணும் கையும்: வயிற்றின் கூறுகளைக் கற்பித்த வரலாறு

மனித உடலின் பகுதிகளுள் மாணவர் மனத்தில் எளிதில் பதியாதது வயிறு. கையையும் காலையும் எலும்பைத் தொட்டுத் தொடர்ந்து அறிந்துகொள்ளலாம். நெஞ்சறைக்கு விலா எலும்புகள் எல்லை வகுத்துத் தருகின்றன. வயிற்றறையிலோ உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தும், ஒன்றன்பின் ஒன்று மறைந்தும் கிடக்கின்றன. சிறுகுடல் மட்டுமே ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் உடையது. பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு அறையின் சுவரையும் உறுப்புகளையும் போர்த்தியவாறு மடிந்து மடிந்து செல்கிறது. கருவின் 6ஆம் வாரத்தில் குடல் கொப்பூழ்க்கொடிக்குள் பிதுங்கி வெளியேறுகிறது. தனக்குக் குருதி கொண்டுவரும் தமனியையே அச்சாகக் கொண்டு சுழலத் தொடங்கி, 10ஆம் வாரத்தில் உள்ளே திரும்புகிறது. அச்சுழற்சி முடியும்போது குடல் மொத்தம் 270 பாகை திரும்பியிருக்கும். வளர்ந்த மனிதரின் வயிற்றில் நாம் காணும் அமைப்பு அச்சுழற்சியின் விளைவேயாகும். எனவே வயிற்றைக் கற்பதென்பது ஒரு பொருளைக் கற்பது மட்டுமன்று. நிகழ்ந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைக் கற்பதும் ஆகும்.

இன்று மருத்துவ மாணவர் பலர் இப்பாடத்தை இணையக் காணொளி விரிவுரைகளில் கற்கின்றனர். ஆசிரியர் ஒருவர் பலகையில் இரைப்பையை வரைகிறார். அதன் கீழ்விளிம்பிலிருந்து திரைபோல் தொங்கும் சவ்வை வரைகிறார். அதைத் தூக்கினால் பின்னே என்ன தெரியும் என்று விளக்குகிறார். விளங்காத இடத்தில் மாணவர் நிறுத்துகிறார். பின்னோக்கிச் சென்று மீண்டும் கேட்கிறார். இது முற்றிலும் புதிய முறையா, பழைய முறையொன்றின் மறுவரவா என்னும் வினாவை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம். உடற்கூறு கற்பிக்கப்பட்ட எல்லாக் காலத்திலும் மூன்று தேவைப்பட்டன: விளக்கும் குரல், காணும் கண், தொடும் கை. இவை கூடியதும் பிரிந்ததுமே இப்பாடத்தின் வரலாறு. அக்குரல் எம்மொழியில் ஒலித்தது என்பது அவ்வரலாற்றுள் அடங்கிய மற்றொரு வரலாறு.

உயர்ந்த இருக்கையும் கீழே கிடந்த உடலும்

இத்தாலியின் பொலோஞா நகரில் மொண்டினோ டி லூசி என்பார் 1316ஆம் ஆண்டளவில் உடற்கூற்று நூலொன்றை எழுதினார். அந்நூல் வகுத்த முறைப்படி அறுத்தாய்வு வயிற்றிலிருந்தே தொடங்கியது. பதப்படுத்தும் முறைகள் அறியப்படாத காலத்தில் முதலில் அழுகுவது குடல் என்பதே இதற்குக் காரணம். வயிற்றை முதலிலும், நெஞ்சை அடுத்தும், தலையை அதன் பின்னும் சில நாள்களுக்குள் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இப்பணியை மூவர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வேரூன்றியது. ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலைப் படிப்பார். மற்றொருவர் கீழே நின்று உடலை அறுப்பார். மூன்றாமவர் கோலொன்றால் உறுப்பைச் சுட்டுவார். குரல் ஓரிடத்தும் கை வேறோரிடத்தும் இருந்தமையின், நூலில் பிழையிருப்பினும் அதைத் திருத்துவார் அரியர். கேலன் என்னும் பழைய கிரேக்க மருத்துவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்து எழுதியவற்றை மனித உடலுக்கும் உரியனவாகவே நூற்றாண்டுகள் பல ஏற்றுக்கொண்டன. மனிதக் கல்லீரல் ஐந்து மடல் உடையது என்பது அவ்வாறு நிலவிய கருத்துகளுள் ஒன்று.

ஆண்ட்ரியாஸ் வெசாலியஸும் 1538இல் வெளியிட்ட படங்களில் கல்லீரலை ஐந்து மடலுடன்தான் வரைவித்தார். அவர் தாமே கத்தியை ஏந்தி, தாமே அறுத்து, தாமே விளக்கியவர். அங்ஙனம் கண்ணும் கையும் குரலும் ஒருவரிடம் கூடியபோது பிழை நெடுநாள் நிற்கவில்லை. 1543இல் பாசெல் நகரில் வெளிவந்த அவருடைய பெருநூல் அக்கல்லீரலைத் திருத்தியது. அந்நூலின் முகப்புப் படத்தில் வயிறு திறக்கப்பட்ட பெண்ணுடல் ஒன்றும், அதன் அருகில் நின்று கையை நீட்டிக் காட்டும் வெசாலியஸும் நடுநாயகமாக இருக்கின்றனர். அப்போது அவருக்கு வயது 28.

அதன்பின் அச்சு இப்பாடத்தை அறுவைக் கூடத்திற்கு வெளியே கொண்டுசென்றது. 1858இல் இலண்டனில் ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் வெளிவந்தது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். பின்னர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். உறுப்பின் பெயரை ஓரத்தில் எழுதிக் கோடிழுக்காமல் உறுப்பின்மீதே பொறித்தமை அப்படங்களின் சிறப்பு. கண்ணுக்கு வேண்டியதை நூல் தந்தது. ஆனால் குரல் அடங்கிற்று, கையும் விலகிற்று.

மானிப்பாயில் ஒலித்த தமிழ்

இந்நிலையில் தமிழுக்கு நேர்ந்த ஓர் அரிய வாய்ப்பை நினைவுகூர்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலம். அம்மொழியில் தேர்ந்தவர்கள் அரசு வேலையை நாடி வேற்றூர்களுக்குச் சென்றுவிடுவதையும், சிற்றூர் மக்கள் மருத்துவரின்றி நிற்பதையும் அவர் கண்டார். 1864இல் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்.

குரலைத் தமிழாக்கினால் நூலும் தமிழில் வேண்டும். கிறீனும் அவருடைய மாணவர்களும் உடற்கூறு, அறுவை மருத்துவம், பேறுகால மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தமிழில் தந்தனர். கிரே முதலியோரைத் தழுவி அமைந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. உடற்கூற்றியலுக்கு அவர்கள் வழங்கிய பெயரே அங்காதிபாதம். வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றும், அறுவை மருத்துவ நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்றும் பெயரிட்டனர். ஒரு தலைப்பில் வடசொல் தமிழெழுத்தில் நின்றது. மற்றொன்றில் ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு ஏற்று நின்றது. சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் வாக்கியம் தமிழாக இருக்க வேண்டும் என்பதையே அவர்கள் பெரிதாகக் கருதினர் என்று நாம் கொள்ளலாம்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்ற குறிப்பு அவர் கல்லறையில் இன்றும் உள்ளது. அவர் வகுத்த பயிற்றுமுறை அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. சிங்கப்பூரில் 1905இல் 23 மாணவர்களுடன் மருத்துவப் பள்ளி தோன்றியபோது பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. அப்பள்ளியின் வழிவந்தோரே இந்நிலப்பகுதியின் மருத்துவக் கல்வியை வளர்த்தனர். பல மொழியினர் கூடிக் கற்ற இடத்தில் அது இயல்பே. அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

திரைக்கு வந்த வயிறு

கண்ணும் குரலும் மீண்டும் இணைந்தமை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. 1994இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஓர் ஆணுடலின் குறுக்குவெட்டுப் படங்களை வெளியிட்டது. உறையவைத்த உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி எடுத்த 1,871 படங்கள் அவை. மறு ஆண்டு ஒரு பெண்ணுடலின் படங்கள் அதனினும் நுண்ணிய இடைவெளியில் வெளிவந்தன. அவற்றை அடுக்கிக் கணினித் திரையில் வயிற்றை எத்திசையிலும் திருப்பிப் பார்க்க முடிந்தது. 2005இல் யூடியூப் தோன்றியபின் ஆசிரியரின் குரலும் அப்படங்களோடு சேர்ந்து வீடுதோறும் சென்றது. 2020இல் பெருந்தொற்றால் அறுத்தாய்வுக் கூடங்கள் பல மூடப்பட்டபோது, துணைப்பாடமாக இருந்த காணொளி பல இடங்களில் முதற்பாடமாயிற்று.

வயிற்றைக் கற்பதற்குக் காணொளி பொருத்தமானது என்பதை மறுப்பதற்கில்லை. குடலின் சுழற்சியை அசையாப் படம் காட்டாது; அசையும் படம் காட்டும். மேலும், இன்றைய அறுவை மருத்துவரே வயிற்றைத் திரையில்தான் பார்க்கிறார். ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூயே 1985இல் லேப்ராஸ்கோப் முறையில் பித்தப்பையை அகற்றினார். அம்முறையுடன் ஒளிப்படக் கருவி இணைந்தபின், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தித் திரையைப் பார்த்தவாறே அறுவை செய்வது உலக வழக்காயிற்று.

எனினும் திரை காட்டாதவை உள. காணொளி பெரும்பாலும் ஒரே வயிற்றைத்தான் காட்டுகிறது. மனித வயிறுகளோ ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. குடல்வால் பலருக்குப் பெருங்குடலின் பின்னே மறைந்திருக்கும். சிலருக்கு இடுப்புக்குழியில் தொங்கும். கல்லீரலின் வலப்பகுதிக்குச் செல்லும் தமனி சிலரிடம் வழக்கமான இடத்தில் கிளைக்காமல், குடலுக்குச் செல்லும் தமனியிலிருந்து பிரிகிறது. பித்தப்பையை அகற்றும்போது இதை அறியாதவரின் கத்தி பெருந்தீங்கு செய்துவிடும். பல உடல்களைக் கண்டும் தொட்டும் பழகிய கைக்கே இவ்வேறுபாடு இயல்பென்று தெரியும்.

இதனை உணர்ந்தே அறுத்தாய்வுக் கூடங்கள் மூடாமல் நிற்கின்றன. தைவானின் ஹுவாலியன் நகரில் சூ சீ பல்கலைக்கழகம் வளர்த்த ‘பேசா ஆசான்’ முறையை மலாயாப் பல்கலைக்கழகம் 2012இல் மேற்கொண்டது. மறைந்தபின் தம் உடலைக் கல்விக்கு அளிக்க முன்வருவோரை அங்கு ஆசான் என்றே போற்றுகின்றனர். அறுவை பயிலும் முன்னர் மாணவர்கள் அவருடைய வாழ்க்கையைக் குடும்பத்தாரிடம் கேட்டறிகின்றனர். வெசாலியஸ் அறுத்த உடல்களுள் பல தூக்குமேடையிலிருந்து வந்தவை. 1994இல் திரைக்கு வந்த ஆணுடலும் மரண தண்டனை பெற்ற ஒருவருடையதே. தாமாக முன்வந்து தம் உடலைத் தந்தவரிடம் கற்பது அறிவு மட்டுமன்று, கடமையுணர்வும் ஆகும்.

வினைச்சொற்களின் இடம்

இனி மொழிக்கு வருவோம். தமிழில் உடற்கூற்றைக் கற்பிக்கும் காணொளிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றில் உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம், விளக்கம் தமிழ். இதைக் கேட்டு மனம் வருந்துவோர் நம்முள் உளர். கலைச்சொல்லாக்கத்தின் தேவையை நாமும் உணர்கிறோம். ஆயினும் வயிற்றைக் கற்பிப்பவை பெயர்ச்சொற்கள் மட்டும் அல்ல. தொங்குகிறது, ஒட்டியிருக்கிறது, பின்னே மறைகிறது, வளைந்து ஏறுகிறது, குறுக்கே கடக்கிறது, மடிந்து திரும்புகிறது என்னும் வினைச்சொற்களே உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையேயுள்ள உறவை மனத்தில் நிறுத்துகின்றன. தமிழில் இச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியர், காற்று உந்தியிலிருந்து எழுவதையும், தலை, மிடறு, நெஞ்சு முதலிய இடங்களில் அது பொருந்துவதையும் வரிசைப்படுத்தியிருக்கிறார். நம் பழம்பெரும் இலக்கணமே உடலை உற்றுநோக்கி, அதன் இயக்கத்தைச் சொல்லியது என்பதற்கு இது சான்று.

இதில் நோயாளியின் நலமும் அடங்கியுள்ளது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ முதிய தமிழர் ஒருவர் மருத்துவர்முன் அமர்ந்து தம் வயிற்றைப் பற்றிச் சொல்லும்போது பெயர்ச்சொற்களைச் சொல்வதில்லை. வயிறு பிசைகிறது, கடுக்கிறது, சுருட்டிப் பிடிக்கிறது, எரிகிறது, உப்பியிருக்கிறது என்கிறார். இவை ஒரே வலிக்குரிய பல பெயர்கள் அல்ல. விட்டுவிட்டு வரும் வலியும் விடாது நிற்கும் வலியும் வெவ்வேறு நோய்களைச் சுட்டவல்லன. “முதலில் கொப்பூழைச் சுற்றி வலித்தது, பிறகு வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது” என்று ஒருவர் கூறினால், குடல்வால் அழற்சியை மருத்துவர் உடனே ஐயுற வேண்டும். கருவில் கொப்பூழ்க்கொடிக்குள் சென்று மீண்ட குடற்பகுதியைச் சேர்ந்தது குடல்வால். அப்பகுதியின் நரம்புகள் முதல் வலியைக் கொப்பூழருகே உணர்த்துகின்றன. அழற்சி வயிற்றுச் சுவரின் சவ்வைத் தொட்டபின்னரே வலி தனக்குரிய இடத்திற்கு வருகிறது. மாணவர் காணொளியில் கண்ட சுழற்சியும் முதியவர் சொன்ன வாக்கியமும் ஒரே செய்தியின் இரு பாதிகள். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் மருத்துவருக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

இக்காலக் காணொளி குரலையும் கண்ணையும் சேர்த்துவிட்டது. கையை மாணவர் பேசா ஆசான்களிடம்தான் பெற வேண்டும். குரலைப் பொறுத்தவரை, மானிப்பாயில் ஒருமுறை தொடங்கி நின்றுபோன பணியைச் சிறிய அளவிலேனும் நாம் தொடரலாம். மருத்துவம் பயிலும் நம் இளையோர் தாம் ஆங்கிலத்தில் கற்ற வயிற்றுப் பாடம் ஒன்றைத் தமிழ் வாக்கியங்களில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்வார்களாயின், அது கலைச்சொற் பட்டியலினும் மிகுந்த பயன் தரும். உறுப்பின் பெயரை அவர்கள் எம்மொழியில் சொன்னாலும் ஏற்போம். அவ்வுறுப்பு எங்கே தொங்குகிறது, எதன் பின்னே மறைகிறது, வலித்தால் எங்கே வலிக்கும் என்பதைத் தமிழில் சொல்லுமாறு கேட்டுக்கொள்வோம்.