நீ எந்தக் குடி?



சென்ற வாரம் தரம் 10 வரலாற்று வகுப்பில் சமூகங்களின் வகைகள் பற்றிப் பேச நேர்ந்தது. "இலங்கையில் எத்தனை சமூகங்கள்?" என்று கேட்டேன். "மூன்று சேர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. பின்வரிசையில் ஒருவர் பறங்கியரையும் சேர்த்துக்கொண்டார்.

"அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் வனக்குறவர் இருக்கிறார்களே, அவர்கள் இதில் எங்கே? மகாஓயாப் பக்கம் பொல்லேபெத்தையில் இருக்கும் வேடர்?" என்றேன். பதில் இல்லை. இரண்டும் எமது அம்பாறை மாவட்டத்துக்குள் உள்ள ஊர்கள்தான்.

பிறகு இன்னும் கிட்டே வந்தேன். "சரி, நீ எந்தக் குடி?" நான்கைந்து பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

எமது கரையோர முஸ்லிம் ஊர்களில் குடி என்பது தாய்வழியாக வருவது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிள்ளை உம்மாவின் குடி. வாப்பா வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஆகவே மாமாவின் மகளை முடிக்கலாம், அவள் மாமியின் குடி. சாச்சியின் மகளை முடிப்பதில்லை, அவள் எமது குடி, தங்கச்சி முறை. மார்க்கம் இரண்டையும் அனுமதிக்கிறது, வழக்கம் ஒன்றை மட்டுமே அனுமதித்தது. இந்த வித்தியாசத்தைச் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

குடி கலியாணத்தோடு நின்றதல்ல. குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். அவர்கள் கூடித்தான் பள்ளிவாசலை நிர்வகித்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊர்களுக்குப் போனால் அங்கும் தாய்வழிக் குடிகள் உண்டு. கோயிலை நடத்த குடிவழியாக வரும் வண்ணக்கர் உண்டு. சில குடிப்பெயர்கள் இரு பக்கமும் கேட்கும். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்கள், அதற்கு ஈடாகப் பெண் கொடுத்தார்கள், அதிலிருந்து குடிகள் வந்தன என்று ஒரு கதை மட்டக்களப்பு நாடெங்கும் சொல்லப்படுகிறது. அது கதைதான், ஆவணமல்ல. ஆனால் இரு சமூகமும் தங்களை எப்படி உறவாக நினைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

ஆவணம் என்று கேட்டால் ஒன்றைச் சொல்லலாம். 1626 அளவில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். 4000 பேர் என்று கெய்றோஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். எழுதியவர் எமது நண்பரல்ல, போர்த்துக்கேயர் பக்கத்தவர். அதனால் அந்தச் சாட்சிக்குக் கனம் அதிகம்.

இவ்வளவையும் கேட்ட ஒரு மாணவி எழும்பினாள். "சேர், அப்ப நாங்க அரபியா, தமிழா?"

இந்தக் கேள்விக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியான கட்டுரையில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து, அரபு வழித்தோன்றலை வலியுறுத்தினார். இடையில் 1889இல் சட்டசபைக்கு முதல் முஸ்லிம் உறுப்பினராக எம். சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். அதாவது அந்த விவாதத்தின் பின்னால் கொழும்பில் ஓர் ஆசனம் இருந்தது. யாருக்காக யார் பேசுவது என்பதே அங்கே பிரச்சினை.

அவளுக்கு நான் சொன்னது இதுதான்: "கடல் கடந்து வந்த ஆண்கள் யார் என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும் மகள். எமது ஊர்களில் குடி உம்மாவிடமிருந்து வருகிறது. அந்த உம்மாமார் இந்த மண்ணின் பெண்கள். பேச்சு தமிழ், மார்க்கம் இஸ்லாம், குடி உம்மா வழி. இதில் ஒன்றைப் பிடிக்க மற்றதை விட வேண்டியதில்லை."

இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்பார்கள். சுனாமியை நினைத்துப் பாருங்கள். எமது வழக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். 2004 டிசம்பர் 26இல் கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோனது. பிறகு வந்த படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. பல இடங்களில் பெண்ணின் வீட்டுக்குப் பதிலாகக் கட்டிய வீடு ஆணின் பெயருக்குப் போயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயமல்ல. இங்குள்ள சமூகம் எந்த வகை என்று படிவம் தயாரித்தவருக்குத் தெரியவில்லை. எமக்கும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. குடிக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தது. பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம், மூன்று குமர் உள்ள வாப்பாவை மத்திய கிழக்கில் பதினைந்து வருடம் உழைக்க வைத்ததும் உண்மை. பிள்ளைகள் இதையும் படிக்க வேண்டும். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஒரு கூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பிணைப்பை அஸபிய்யா என்றார். அந்தப் பிணைப்பு எப்படிப் பலமாகிறது, எப்படித் தேய்கிறது என்று இரண்டையும் ஆராய்ந்தார். புகழ்வதோடு நிற்கவில்லை.

என்னை வருத்துவது ஒன்று. சண்டைக் காலத்துக்குப் பிறகு பிறந்த எமது பிள்ளைகளில் பலர் பக்கத்துத் தமிழ் ஊருக்குள் ஒருநாளும் போனதில்லை. அங்குள்ள பிள்ளைகளும் அப்படியே. ஒரே குடிமுறையை வைத்திருந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் புத்தகத்திலுள்ள ஒரு சொல்லாக மட்டுமே அறிகிறார்கள். ஹுஜுராத் சூராவின் 13ஆம் வசனத்தைக் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

வகுப்பு முடியும்போது ஒரு வீட்டுவேலை கொடுத்தேன்: மூத்தம்மாவிடம் போய்க் குடியைக் கேட்டு எழுதி வாருங்கள். மறுநாள் ஒரு பையன் வெறும் கொப்பியோடு வந்தான். "மூத்தம்மா மௌத்தாகிட்டா சேர். உம்மாவுக்குத் தெரியாதாம்."

உங்கள் வீட்டில் மூத்தம்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். குடியின் பெயரையும், அவர் சொல்லும் கதையையும் எழுதி வையுங்கள். பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை, எந்த ஊராயினும் எனக்கும் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து தொகுப்போம்.