நெய்ச்சோறும் நாய் வயிறும்

நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா என்று கேட்கும் பழமொழி ஒன்று நம்மிடையே உண்டு. தகுதியற்றவனுக்கு உயர்ந்த பொருள் எதற்கு என்ற ஏளனமே அதற்கு நாம் கொள்ளும் பொருள். ஏளனத்தை விலக்கிவிட்டு வாசித்தால், அது பிழையற்ற உடலியல் கூற்று. பழக்கமில்லாத நாய்க்குக் கொழுப்பு மிகுந்த உணவைத் திடீரென இட்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும். சிலவற்றுக்குக் கணையம் அழன்று உயிருக்கே ஆபத்தாகும். இழிவுபடுத்த எடுத்த உவமைக்குப் பின்னால், நாயை அருகிலிருந்து கவனித்த ஒருவரின் அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

நாய்க்கு எதை, எந்த வரிசையில் இடுவது என்ற கேள்விக்குத் திருவண்ணாமலையில் ஒரு தனி வரலாறு உண்டு. ரமணர் 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும், பின்னர் 1950-இல் மறையும்வரை மலையடிவாரத்து ஆசிரமத்திலும் வாழ்ந்தார். கமலா, சின்னக் கருப்பன், ஜாக்கி என அவரோடு வாழ்ந்த நாய்களின் பெயர்கள் அடியார்களின் நினைவுகளில் பதிவாகியுள்ளன. ஆசிரமத்தில் உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், அடுத்து இரப்போருக்கும், இறுதியாக அடியார்களுக்கும் பரிமாறப்பட்டதாக ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதுகிறார். விலங்குகளை ரமணர் ‘அது’ என்று சுட்டுவதில்லை. அவன், அவள் என்பார். பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் கேட்டால், அது நாய்களைப் பற்றிய விசாரணை. உயர்திணை, அஃறிணை என்று உலகைப் பகுத்து அதையே இலக்கணமாக்கிய ஒரு மொழியில் இது சிறிய மீறல் அன்று. ஜாக்கி நோயுற்றபோது மெத்தென்ற படுக்கை அமைத்து ரமணர் பரிவுடன் பேணினார். பசு லட்சுமியின் சமாதியைப் போலவே ஜாக்கியின் சமாதியும் இன்றும் ஆசிரம வளாகத்தில் இருக்கிறது.

நாய்க்கும் காக்கைக்கும் ஒரு கவளம் வைப்பது பழைய இல்லற மரபுதான். எனினும் நடைமுறையில் நாய்க்குக் கிட்டியது பெரும்பாலும் எச்சில் இலை. முதல் பந்தியில் நாய்களை அமர்த்திய வரிசை, அருளின் அடையாளமாகவே பேசப்படுகிறது. அதற்கு வயிறு சார்ந்த ஒரு பொருளும் உண்டு. முதலில் இடப்படுவது எச்சிலாக இருக்க முடியாது. குறித்த வேளையில், கெட்டுப்போகாத சோறு என்பதே செரிமானக் கோளாறுள்ள எந்த நாய்க்கும் முதல் மருந்து.

புலாலுண்ணி வகையைச் சேர்ந்த பிராணிக்குச் சோறு தகுமா என்ற ஐயம் எழலாம். 2013-இல் எரிக் ஆக்ஸெல்சன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாக மட்டுமே இருக்க, நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதன் உழவனானபோது அவனோடு சேர்ந்து நாயின் குடலும் மாறியது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் உண்டு வளர்ந்ததில் வியப்பில்லை. ஆயினும் சோறு மட்டுமே நாய்க்கு முழு உணவாகிவிடாது, புரதமும் வேண்டும்.

நாய்க்கென்று தனி உணவு தயாரிக்கும் வழக்கம் மேலை நாடுகளிலும் பழமையானதன்று. 1860-ஐ ஒட்டி ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார். நோயுற்ற நாய்க்கான பத்திய உணவு அதற்கும் ஏறத்தாழ எண்பதாண்டுகள் பிந்தியது. பார்வையற்ற மோரிஸ் ஃபிராங்க் என்பவரின் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டபோது, மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவர் அதற்கென உணவொன்றைச் சமைத்தார். 1948-இல் அது தகரக் குவளையில் அடைக்கப்பட்டு வணிகப் பொருளாயிற்று. இன்று குடல் நோய்க்கெனவும் அத்தகைய உணவுகள் கிடைக்கின்றன. அவற்றின் அடிப்படை நம் பாட்டிமார் அறிந்த பத்தியந்தான்: கொழுப்புக் குறைவாக, எளிதில் செரிப்பதாக, சிறிது சிறிதாக.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் அன்னதானம் நடக்கிறது. கூட்டம் கலைந்தபின் எஞ்சும் இலைகளில் நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலும் காரமான சாம்பார் சோறும் கிடக்கும். சாம்பாரிலுள்ள வெங்காயம், வெந்திருந்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பொங்கலிலுள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இரக்கத்தால் வைக்கப்படும் பாலும், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், பேதியில் முடியும்.

வயிறு கெட்ட நாய்க்கு உகந்தது குழைய வேகவைத்த சோறு; அதனுடன் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த, தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி. ஒரே வேளையில் நிறைய இடாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துத் தருவதும், அருகில் எப்போதும் நல்ல நீர் வைப்பதும் அவசியம். இது சில நாட்களுக்கான பத்தியமே. தேறியபின் வழக்கமான உணவுக்கு ஒரு வார காலத்தில் மெல்லத் திருப்ப வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குட்டி சோர்ந்து கிடந்தாலோ கைவைத்தியம் போதாது. 1978-க்குப் பின் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் குட்டிகளை ஓரிரு நாட்களில் கொல்லவல்லது. மாதக்கணக்கில் நீளும் கோளாறுக்குக் குடற்புழுவோ ஒரு குறிப்பிட்ட புரதத்தின் ஒவ்வாமையோ காரணமாகலாம். அதை மருத்துவரே கண்டறிய முடியும்.

2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசுகின்றன. எங்கே இடலாம் என்பதில் இன்று வழக்கும் வாதமும் மிகுந்திருக்கின்றன. எதை இடுவது என்பது இடுபவரின் மனத்துக்கே விடப்பட்டிருக்கிறது. ஈகையில் ஈபவரின் நிறைவு ஒன்று. ஏற்பவரின் வயிறு வேறொன்று. நெய்யும் இனிப்பும் நமக்கு உயர்ந்தவை என்பதால் நாய்க்கும் உயர்ந்தவை ஆகிவிடா. பந்தியில் முதலிடம் தருவதற்கு நிகரான மரியாதை, உண்ணும் உயிரின் குடலுக்கு ஏற்றதை அறிந்து இடுவதிலும் இருக்கிறது. அந்த அறிவில்லாத அன்னதானம், மறுநாள் காலையில் கிரிவலப் பாதையோரம் சுருண்டு கிடக்கும் நாயிடம் போய் முடிகிறது.