ஊரைக் காலி செய்ததும் ஊரை அடைத்ததும்

பெரியகுளத்தில் என் அம்மாச்சி ஒரு கதை சொல்வாள். அவளுடைய தாயார் சிறுமியாக இருந்தபோது கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் வந்ததாம். வீட்டில் எலி செத்து விழுந்தால் போதும். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஊருக்கு வெளியே தோப்புகளில் குடிசை போட்டுக்கொள்வார்கள்.

வெறும் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது நல்ல வைத்தியம். பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி. எலியை விட்டு விலகினால் நோயை விட்டும் விலகியாயிற்று.

பம்பாயில் 1896-ல் பிளேக் புகுந்தபோது சர்க்கார் வேறு வழி பிடித்தது. மறு வருஷம் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. சோதனை என்று சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். அந்தக் கோபத்தில் 1897 ஜூனில் புனாவின் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே வருஷம் ஜனவரியில் ஹாப்கின் என்ற விஞ்ஞானி, தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். ஜனங்களின் நம்பிக்கையைப் பெற இரண்டில் எது நல்ல வழி என்று நான் சொல்ல வேண்டுமா?

1918-ன் விஷ ஜுரத்தில் எலி இல்லை; மனிதன் மூச்சே பரப்பியது. தோப்புக்கு ஓடினால் நோயும் கூடவே வரும். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்தது உண்மைதான். 'தானாக வந்தது, தானாகப் போயிற்று' என்கிறவர்கள் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்வதில்லை.

நம் காலத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில், அந்தப் பழைய 1897-ம் வருஷத்துச் சட்டத்தையே தூசு தட்டி எடுத்தார்கள். ஊர் அடைபட்டது. எழுதிப் பிழைக்கிற எனக்கு அது ஓய்வு. ஆனால் போடிமெட்டு ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டத்துக்குப் போய்வந்த கூலிக்காரிக்கு எல்லையை மூடியது அடுப்பை மூடியது போல. "நோய் வந்தாப் பாத்துக்கலாம் அண்ணே, பசி வந்திருச்சே" என்றாள் ஒருத்தி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அடைப்பு வீணா? இல்லை. அது அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தில்தான் மருந்துகளைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. முதலில் கொண்டாடிய மலேரியா மாத்திரை பயன்படவில்லை. பிளாஸ்மா சிகிச்சையை நம் நாட்டிலேயே 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் சோதித்தார்கள், அதுவும் கைவிட்டது. மலிவான பழைய ஸ்டீராய்டு ஒன்று, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. தெருமுனையில் கபசுரக் குடிநீரை நானும் வாங்கிக் குடித்தேன். மனசுக்குத் தெம்பாக இருந்தது. தெம்பு வேறு, நிரூபணம் வேறு.

2021 ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அது எல்லோரையும் எட்டுமுன் இரண்டாம் அலை வந்து, ஆக்ஸிஜனுக்காக ஜனங்களைத் தவிக்க விட்டது. அந்த ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 67.6 சதவிகிதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. ஊசியால் வந்தவர்கள் கொஞ்சம். நோயால் வந்தவர்களே அதிகம். அந்த எண்ணிக்கையில் செத்தவர்கள் இல்லை, அவர்களிடம் ரத்தம் எடுக்க முடியாதல்லவா?

அடைப்பா, மருந்தா, எதிர்ப்பு சக்தியா என்று இன்னும் வாதாடுகிறோம். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை. அடைப்பு அவகாசம் தரும். அவகாசத்தில் மருந்து தேறும். தடுப்பூசி, சாகாமலே எதிர்ப்பு சக்தியைத் தரும். ஆனால் அந்த அவகாசத்தின் விலையை யார் தலையில் வைக்கிறோம்? பிளேக் காலத்தில் தோப்பில் ஏழையும் பணக்காரனும் ஒரே மரத்தடியில் சமைத்ததாக அம்மாச்சி சொல்வாள். அது முழு உண்மையோ என்னவோ. இருக்க வேண்டிய முறை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.