இறக்கத்தில் நியூட்ரல்: எரிபொருள் மிச்சமாகுமா?
2022 நவம்பரில் புனேவின் நவலே பாலம் அருகே, சரிவில் இறங்கிய லாரி மோதி பல வாகனங்கள் சேதமடைந்தன. டீசலை மிச்சப்படுத்த டிரைவர் இன்ஜினை ஆஃப் செய்திருந்தார் என்றது போலீஸ். அதே நினைப்பில்தான் நம்மில் பலரும் இறக்கத்தில் காரை நியூட்ரலுக்கு மாற்றுகிறோம்.

நியூட்ரலில் என்ன நடக்கிறது?
கிளட்சிலிருந்து காலை எடுத்தாலும் கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் சுற்றும். ஆனா எந்த கியரும் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டோடு பூட்டியிருக்காது. இன்ஜின் தனி, சக்கரம் தனி.

மிச்சமாகுமா?
கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கார்கள் அப்போது எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் செலவாகும். அதனால் செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் நஷ்டம்தான்.

ஆபத்து என்ன?
வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும். மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறி, பிடிப்பு குறையும். கிளட்சை மிதித்தபடி இறங்கினாலும் இதே கதைதான். இன்ஜினையே அணைத்தால் பிரேக் பூஸ்டரின் உதவியும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்.

என்ன செய்யலாம்?
ஏற எந்த கியர் தேவையோ, அதே கியரில் இறங்குங்க. நியூட்ரலை சிக்னலுக்கு வச்சுக்கலாம்.